எட்டுக் கல்லுக்கு ஏழு மைல்

நான்கு டயர்களையும் மாட்டு வண்டியிலிருந்து உருட்டி இறக்கும்போதே நான் சொன்னேன், இது வேண்டாம் மொதலாளி என்று. குற்றாலம் ரோட்டில் இசக்கிப்பாண்டியின் பட்டறை வாசல். ஆனி மாதத்துச் சாரல் விழுவதும் விடுவதுமாக இருந்தது. முதலாளி வல்லிநாயகம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு டயரைக் காலால் எத்திப் பார்த்தார். பட்டாளத்துக் கழிவுச் சாமான்களை மதுரையில் ஏலம் போட்டபோது எடுத்தது. ஒவ்வொன்றும் என் தொடைக்கு மேல் வந்தது. இசக்கிப்பாண்டி டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்தை விரலால் துடைத்துவிட்டுப் படித்தான்.

“ஏழரைன்னுல்லா போட்டிருக்கு. இப்ப கெடக்கது ஆறு இஞ்சு. ஏழரைய எவனாவது துட்டு குடுத்து வாங்குவானா அண்ணாச்சி?”

நான் சிரித்துவிட்டேன். வல்லிநாயகம் சிரிக்கவில்லை. என் மேல் அவருக்கு முதல் கடுப்பு அந்தச் சிரிப்பில்தான் விழுந்திருக்க வேண்டும்.

அந்த டயர்களை மாட்டப்போகிற வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த அமெரிக்க இஞ்சினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பிக்கப் வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. ஸ்டியரிங் இடது பக்கம். கிளட்ச் மிதி கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும். 1958-ல் தென்காசி வட்டாரத்தில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை. ஐந்தருவிக்கு மேலே வல்லிநாயகத்துக்கு இருந்த தோட்டத்திலிருந்து மங்குஸ்தானும் பலாவும் கிராம்பும் ஏற்றிக்கொண்டு பாவூர்சத்திரம் சந்தைக்கும் தென்காசி ஸ்டேஷனுக்கும் நான் அதை நான்கு வருஷமாக ஓட்டினேன். லாரியில் கிளீனராக இருந்து, அடி வாங்கி, லைசென்ஸ் எடுத்து, மலை ரோட்டில் தேங்காய் லோடு ஓட்டிவிட்டு வந்தவன் நான். வல்லிநாயகத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

“நம்ம கிதிரு என்ன செய்யுதான்? சும்மா உக்காந்திருக்கான். வண்டி தானால்லா ஓடுது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொல்லுவார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். லோடோடு ஐந்தருவி இறக்கத்தில் வரும்போது பிரேக்கின் மேல் இருக்கிற என் காலை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. வல்லிநாயகம் சைக்கிள்கூட விட்டறியாதவர். அவருக்கு அடுத்த மனக்குறை, உட்காருகிற இடம். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால் அவர் வலது பக்கம் உட்கார வேண்டியிருந்தது. எதிரே வருகிறவன் அவரைத்தான் டிரைவர் என்று நினைப்பான். ஒரு தடவை புளியறை செக்போஸ்டில் காவல்காரர் நேரே அவரிடம் போய் லைசென்ஸ் கேட்டுவிட்டார். அன்றைக்கு முழுவதும் மனுஷர் என்னோடு பேசவில்லை, நான்தான் சொல்லிக் கேட்க வைத்தேன் என்பதுபோல.

டயர் ஆசை வந்தது மரக் காண்டிராக்டரின் ஜீப்பைப் பார்த்து. தோட்டத்துக்குப் போகிற பாதை செம்மண். சாரல் பிடித்துவிட்டால் சேறாகிவிடும். அந்த வருஷம் ஒரு நாவல் மரத்துக்கு எதிரே இரண்டு முறை நாங்கள் சிக்கிக்கொண்டு நின்றோம். இரண்டாம் முறை நிற்கும்போது அந்த ஜீப் எங்களைத் தாண்டிப் போனது. அதில் பெரிய டயர்கள். வல்லிநாயகம் கண்டது அந்த டயர்களை மட்டும்தான்.

“அது நாலு சக்கரமும் இழுக்குத வண்டி மொதலாளி. நம்மதுல பின்னாடி ரெண்டுதான் இழுக்கும். முன்னாடி ரெண்டும் சும்மா உருளுது. டயர் பெருசானா வழுக்கது நிக்காது. ஏத்தத்துல இழுவைதான் கொறையும்” என்றேன்.

“ஒனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லு” என்றார்.

அதற்கு மேல் நான் என்ன பேச? இரண்டு நாள் வேலை. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் இரும்புக் கட்டை கொடுத்து இசக்கிப்பாண்டி வண்டியைத் தூக்கினான். முன்பக்கம் அதுவும் போதவில்லை. மட்கார்டின் விளிம்பை உளி வைத்து வெட்டினான். நல்ல தகடு. ஒவ்வொரு வெட்டுக்கும் எனக்குப் பல் கூசியது. டயரை மாட்டி, ஜாக்கியை இறக்கி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது டயர் போய் மட்கார்டில் கரகரவென்று உரசியது.

“முழுசா ஒடிக்காத கிதிரு. தகடு டயர அறுத்துரும்” என்றான் இசக்கிப்பாண்டி. முழுதாக ஒடிக்காமல் எங்கள் பக்கத்து ரோட்டில் வண்டியைத் திருப்புகிறவன் இன்னும் பிறக்கவில்லை. வல்லிநாயகம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உயரம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஏறி உட்கார ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் அதே நாவல் மரத்துக்கு எதிரே சிக்கிக்கொண்டோம். பின் சக்கரங்கள் இரண்டும் முன்பைவிடப் பெரிதாகச் சுற்றி முன்பைவிட அதிகமாகச் சேற்றை வாரி அடித்தன. அவ்வளவுதான் வித்தியாசம். வல்லிநாயகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றத்தில் வண்டி எந்தக் கியரில் நிற்பது என்று தெரியாமல் மேலேயும் கீழேயும் மாறி மாறி அடித்துக்கொண்டது. சொன்னேனே என்று சொல்லிக்காட்டுகிற உரிமை சம்பளத்துக்கு இருப்பவனுக்குக் கிடையாது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் பூஜை முடித்து, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, இடது பக்கத்துக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு, மீட்டரில் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பெட்ரோல் போட்ட அளவும் அதே நோட்டில் இருக்கும். மனுஷனை நம்பமாட்டார், மீட்டரை நம்புவார். “மீட்டருக்குப் பசி உண்டா, பிள்ளைகுட்டி உண்டா? அது எதுக்குவே பொய் சொல்லும்?” என்பார். நான்கு வருஷமாக வண்டி ஒரு காலன் பெட்ரோலுக்குப் பதினான்கு மைல் கொடுத்தது. டயர் மாற்றின மறு வாரம் பன்னிரண்டு. அடுத்த வாரமும் பன்னிரண்டு.

புதன்கிழமை காலை, தென்காசி பஜாரில் பெட்ரோல் பங்க் வாசலில் வைத்துக் கேட்டார். டீக்கடையில் கூட்டம். சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள், துணிக்கடைக்காரர்கள், என் தெருக்காரர்கள் நாலைந்து பேர். தாழ்ந்த குரலில் கேட்கத் தெரியாதவர் அல்ல அவர். வேண்டுமென்றே உரக்கக் கேட்டார்.

“ஏலே கிதிரு, பெட்ரோலக் குடிச்சது வண்டியா, நீயா?”

முதலில் எனக்குப் புரியவில்லை. சிரிப்பதா என்றுகூட யோசித்தேன். நோட்டைப் பிரித்து முகத்துக்கு நேரே நீட்டினார். “ரெண்டு வாரமா ரெண்டு ரெண்டு மைலு கொறையுது. எவன் பம்புசெட்டுக்குலே ஊத்துத?”

“நான் எடுக்கல மொதலாளி.”

“அப்படியா? வெள்ளிக்கிழம ஒங்க பள்ளிவாசல்ல வந்து சத்தியம் பண்ணு. ஜும்மா முடிஞ்சு ஆளு வெளிய வரும்போது. நானே வந்து நிக்கேன்.”

எங்கள் பக்கத்தில் இது உண்டு. திருட்டுச் சந்தேகம் வந்தால் போலீசுக்குப் போவதைவிடச் சத்தியத்துக்குக் கூப்பிடுவார்கள். கோயிலென்றால் கற்பூரத்தை ஏற்றிக் கையால் அணைக்க வேண்டும். பள்ளிவாசலென்றால் நாலு பேர் முன்னால் நின்று அல்லாவின் பேரில் சொல்ல வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சத்தியம் பண்ணினவனை ஊர் தண்டிக்காது, அதற்காக நம்பிவிடவும் செய்யாது. ஒரு பஸ் கண்டக்டர் டிக்கெட் பணத்துக்காக எப்போதோ சத்தியம் பண்ணினார். தலை நரைத்துப் பேரன் எடுத்த பிறகும் அவருக்குச் சத்தியக் கண்டக்டர் என்றுதான் பேர். அந்தப் பேரோடு இன்னொரு முதலாளியிடம் போய் வேலை கேட்க முடியாது. சாவியைக் கையில் தருகிறவன் முதலில் ஆளைத்தான் விசாரிப்பான். எனக்கு இருந்த சொத்தே அந்தப் பேர்தான். அதைப் பெட்ரோல் நாற்றத்தோடு பஜாரில் போட்டு மிதித்துவிட்டு, அந்த ஆள் டீ குடிக்கப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோதும் ஆத்திரம் அடங்கவில்லை. பஜாரிலேயே அவர் கழுத்தைப் பிடித்திருக்கலாமே என்று இருந்தது. ஜாஹிரா ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். என் மனைவி. தெருவில் பாதி வீடுகளில் தறி உண்டு. இவள் நூல் சுற்றிக் கொடுப்பாள், தறிக்கு நெடுக்கே போடுகிற பாவு நூலை ஓட்டப் போவாள். சேதி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. ராட்டையை நிறுத்தாமலே கேட்டாள்.

“மச்சான், எடுத்தியளா?”

“ஏட்டி, நீயுமா?”

“ஊரே கேக்குது. நானும் ஒரு தடவ கேட்டுக்கிடுதேன். எடுத்தியளா?”

“எடுக்கல.”

“அப்ப எதுக்குச் சத்தியம்? பண்ணிட்டு இந்த வாசல மிதிக்காதிய.”

“வேற என்ன செய்யச் சொல்லுத? அவரு மீட்டரக் காட்டுதாரு. மீட்டர்ல கொறையத்தான் செய்யுது. நான் என்னத்தச் சொல்ல?”

அவள் ராட்டையை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு கேட்டாள், “அந்த மீட்டருக்கு மைலு எப்படித் தெரியும்? அது ரோட்டப் பாக்குதா?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் சொன்னேன். பின் சக்கரத்துக்குப் போகிற தண்டில் பல் இருக்கிறது, சக்கரம் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றும், இத்தனை சுற்றுக்கு ஒரு மைல் என்று கம்பெனியில் வைத்திருக்கிறான் என்று. சொல்லி முடிப்பதற்குள் ராட்டை நின்றுவிட்டது.

“அப்ப அது மைல எண்ணல. சுத்தத்தான எண்ணுது?”

“ஆமா, சுத்தத்தான்” என்றேன்.

“போன வருசம் தறி மேஸ்திரி பாவு சுத்துத உருளைய மாத்திப் பெருசாப் போட்டாருல்லா. எங்ககிட்டச் சொல்லல. நாங்க பழைய கணக்குக்கே சுத்துனோம். சுத்து அதேதான், ஆனா நூலு கூடப் போச்சு. எங்கூட நூல் சுத்துத பாத்திமுத்தப் பாத்து நூலத் திருடிட்டன்னாரு. அந்தால பாவ விரிச்சு மொழம் போட்டுப் பாத்தோம். அம்புட்டு நூலும் பாவுலதான் இருந்துச்சு.” அவள் தாரை எடுத்து என் முன்னால் வைத்தாள். “உருளை பெருசானா ஒரு சுத்துக்கு நூலு கூட ஓடும். ஒங்க சக்கரத்துக்கு மட்டும் ஓடாதோ?”

ஓடும். ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும். அதே தூரத்துக்குச் சுற்று குறையும். மீட்டர் மைலைக் குறைத்துக் காட்டும். லாரியிலும் இந்த வண்டியிலுமாகப் பன்னிரண்டு வருஷம் மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இது உறைக்கவில்லை. டயரை மாட்டின இசக்கிப்பாண்டிக்கு உறைக்கவில்லை. வண்டியில் ஏறியே பழகாத இவளுக்கு உறைத்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

“மேஸ்திரி என்ன சொன்னாரு, பாவு அளந்த பொறவு?” என்று கேட்டேன்.

“சிரிச்சாரு. பாத்திமுத்து மறுநாளு வேலைக்கு வந்துட்டா. நூல் திருடின்னு இன்னைக்கும் சொல்லத்தான் செய்யுதாவ.” ராட்டையை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். “அதான் சொல்லுதேன். அளந்தா மட்டும் போதாது மச்சான்.”

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வல்லிநாயகத்தின் வீட்டு வாசலில் நின்றேன். ஜாஹிரா கொடுத்த ஒரு முழ நூல் சட்டைப் பையில் இருந்தது. சத்தியத்துக்கு முன்னால் திருநெல்வேலி ரோட்டில் என்னோடு கொஞ்ச தூரம் வாருங்கள், மைல்கல்லையும் மீட்டரையும் ஒத்துப் பார்த்துவிடுவோம் என்றேன். அவருக்கும் பாவூர்சத்திரத்தில் வேலை இருந்தது. என்னை வசமாகப் பிடிக்கப்போகிறோம் என்கிற ருசியும் இருந்தது. ஒரு கை பிடித்து ஏறி வலது பக்கம் உட்கார்ந்தார்.

தென்காசியைத் தாண்டி ஒன்று என்று போட்டிருந்த கல்லுக்கு நேரே வண்டியை நிறுத்தினேன். மீட்டர் எண்ணை அவரையே எழுதச் சொன்னேன். 18,412. நூலை அவர் கையில் கொடுத்தேன். “இந்தக் கல்லுக்கு முடிச்சு வேண்டாம். அடுத்த கல்லுலருந்து ஒண்ணுக்கு ஒரு முடிச்சுப் போட்டுட்டே வாங்க. எண்ணுனது நானில்ல, நீங்கதான்னு இருக்கட்டும்.”

முதல் முடிச்சைச் சிரித்துக்கொண்டே போட்டார். மூன்றாவதைப் போட்டுவிட்டு மீட்டரை எட்டிப் பார்த்தார். மீட்டர் மூன்றைத் தொடவில்லை. ஐந்தாவது முடிச்சில், “கல்லு நட்டவன் தப்பா நட்டிருப்பான்” என்றார். பாவூர்சத்திரம் சந்தைக்குள் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதையும் தாண்டிப் போனோம். ஒன்பது என்று போட்டிருந்த கல்லுக்கு நேரே நிறுத்தினேன். நூலில் எட்டு முடிச்சு. மீட்டரில் 18,419.

“எட்டுக் கல்லு. ஏழு மைலு. கொறஞ்ச மைலு இங்கன ரோட்டுல கெடக்கு மொதலாளி. என் வீட்டுல இல்ல” என்றேன். “மீதிக் கொஞ்சம் இழுக்க முடியாம வண்டி தின்னது.”

நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலை குனிந்து டயரை எட்டிப் பார்த்தார். புரியாமல் இல்லை. பழத்தோட்டம் ஆளுகிற மனுஷனுக்கு இது புரியாதா? முகத்தில் ஏதோ ஒன்று வந்து, வந்த வழியே போயிற்று. பிறகு சிரித்தார்.

“சரிடே. விடு. சத்தியம் வேண்டாம். வண்டியத் திருப்பு.”

“சிரிச்சாரு” என்று மேஸ்திரியைப் பற்றி ஜாஹிரா சொன்னது மறுபடி என் காதில் கேட்டது. வண்டியைத் திருப்ப ஆரம்பித்தேன். ஒல்லியான ரோடு, இரண்டு பக்கமும் பள்ளம். பாதி ஒடிப்பதற்குள் டயர் மட்கார்டில் கரகரவென்று உரசியது. முன்னும் பின்னுமாக எடுத்தேன். வண்டி ரோட்டுக்குக் குறுக்கே வந்து நின்றது.

“மொதலாளி, பஜார்ல வச்சுச் சொன்னிய. பஜார்லயே ஒரு வார்த்த சொல்லிருங்க. டயர் பெருசானதுல மீட்டரு கொறச்சுக் காட்டிருச்சு, கிதிரு எடுக்கலன்னு. இம்புட்டுதான்.”

“என்னலே இது? அதான் சத்தியம் வேண்டாம்னாச்சுல்லா. பங்க் வாசல்ல நின்னு மொதலாளி டிரைவருக்குச் சமாதானம் சொல்லணுமோ?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “பெருநாளைக்கு ஒரு சட்டத்துணி எடுத்துத் தாரேன். வண்டிய எடு” என்றார்.

சட்டைத்துணி. என் பேரைக் கிழித்துப் போட்டதற்குத் துணி எடுத்துத் தருகிறாராம். புதன்கிழமை அவர் கழுத்தைப் பிடிக்காத கையை இப்போது சாவிக்குக் கொண்டுபோனேன். இஞ்சினை அணைத்தேன். சாவியை அதிலேயே விட்டேன். எடுத்துக்கொண்டு போனால் அதையும் திருடினேன் என்பார். கதவைத் திறந்து இறங்கினேன்.

“எங்கலே போற?”

நான்கு வருஷமாக மொதலாளி என்றே கூப்பிட்ட மனுஷனை அன்றைக்குத்தான் முதல்முதலாக வேறு மாதிரி கூப்பிட்டேன்.

“வண்டிதான் தானா ஓடுமே அண்ணாச்சி. ஓட்டிட்டு வாங்க.”

தென்காசி ஒன்பது மைல். ஜும்மாவுக்கு முன்னால் நடந்து சேர்ந்துவிடலாம். பள்ளிவாசலில் நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே என்ன சொல்லப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. வேலை போய்விட்டது, அது தெரியும். வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் நடந்தேன். ஆத்திரம் இருக்கிறவரைக்கும் நடக்கலாம்.

“ஏலே கிதிரு! ஏலே!” என்று கூப்பிட்டார். பிறகு, “கிதிரு, இங்கன வா, பேசிக்கிடுவோம்” என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. நூறு அடி போயிருப்பேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்து, குறுக்கே கிடந்த வண்டியைக் கண்டு நிற்கிற சத்தம் கேட்டது. ஹாரன். இன்னொரு ஹாரன். பஸ் டிரைவர் தலையை நீட்டிக் கத்தினது அவ்வளவு தூரத்திலும் தெளிவாகக் கேட்டது.

“யோவ் டிரைவர்! ரோட்டுக்குக் குறுக்க வண்டியப் போட்டுட்டு என்னவே முழிக்கேரு? எடும்வே!”

அதற்கு மட்டும் திரும்பிப் பார்த்தேன். வலது பக்கத்து ஜன்னலில் வல்லிநாயகத்தின் தலை தெரிந்தது. ஏதோ சொல்லிக்கொண்டு கையை இல்லை இல்லை என்று ஆட்டினார். அந்தக் கையில் முடிச்சுப் போட்ட நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி அவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள்.

சாரல் மறுபடி பிடித்தது. எட்டு என்று போட்டிருந்த கல் வந்ததும் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தேன். வெகு தூரத்தில் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.